கடற்கரை ஊர்ச் சுவருக்கு ஒரு நெசவுத் தொங்கல்

ஊர் நூலகத்திலோ ஊராட்சிக் கூடத்திலோ நெய்த சித்திரம் ஒன்றை மாட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: நூல் எங்கே கிடைக்கும்? தறி எவ்வளவு பெரிதாக வேண்டும்? கீழக்கரை, மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் என்றால் இவை இரண்டும் கொஞ்சம் காத்திருக்கலாம். இந்தக் கரையில் நல்ல நெசவுகூட ஓராண்டில் பாழாவது சுவராலும் காற்றாலும்தான். எனவே சுவரைப் பார்த்து, மாட்டும் வகையை முடிவுசெய்து, அதற்குப் பிறகு நூல் வாங்குங்கள்.

இங்கே சொல்லப்போவது 4 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள ஒரு தொங்கலுக்கான கணக்கு. இரண்டு பேர் தூக்கலாம், சுருட்டினால் ஆட்டோவில் போகும், முதல் வேலைக்கு இதற்கு மேல் வேண்டாம். டேபஸ்ட்ரி என்று சொல்லப்படும் இந்த வகை நெசவில் குறுக்கே ஓடும் ஊடை இழைகள், தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டிய பாவு இழைகளை முழுக்க மூடிவிடும். நிறம் மாறும் இடத்தில் அந்த நிற ஊடை அங்கேயே திரும்பிவிடும். சேலை ஊடையைப் போலக் கரைக்குக் கரை ஓடாது.

சுவரைப் பார்ப்பது

ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அது அறையின் ஈரம். உட்பக்க ஈரம் என்றால் வேறு சுவர் தேடுங்கள். அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்து, சாந்து பொரிந்து நிற்கும் சுவரும் வேண்டாம். புதிதாக வெள்ளையடித்து அதை மறைத்திருப்பார்கள்; உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள், பொக்கென்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். பவளக் கல்லால் கட்டிய பழைய கட்டடங்களில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். பெரும்பாலும் நல்ல இடம் வெளிச்சுவர் எதுவும் அல்லாத, இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்புச் சுவர்தான்.

அடுத்தது காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் பக்கத்து ஜன்னல் வழியாகவும், வாடைக் காலத்தில் வடகடல் பக்கத்து ஜன்னல் வழியாகவும் உப்பு உள்ளே வரும். உப்பு துணிமேல் படிவதால் மட்டும் கெடுதல் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். பகலில் காய்ந்திருந்த துணி இரவில் தொட்டால் பிசுபிசுப்பது இதனால்தான். இப்படித் தினமும் நனைந்து காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும், ஆணி துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, அந்தச் சுவரில் ஒரு வாரம் தொங்கவிட்டுக் காலையும் மாலையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள். பங்குனி வெயிலில் எடுத்த கணக்கு ஏமாற்றும்.

நேர் வெயில் விழும் சுவர் கூடாது. கூரை மின்விசிறிக்கு நான்கடிக்குள்ளும் கூடாது, துணி நாள் முழுக்க ஆடி ஓரம் தேயும். தொங்கலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஐந்தடிக்குக் கீழே வந்தால் அது கை துடைக்கும் இடமாகிவிடும். பொதுக் கட்டடம், யாரையும் குறை சொல்ல முடியாது.

எதிரொலி அதிகமுள்ள கூடம் என்றால் அதையே ஒரு காரணமாக நிர்வாகத்திடம் சொல்லலாம். சண்டிகர் உயர் நீதிமன்றத்தின் விசாரணைக் கூடங்களுக்கு அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கார்புசியே பெரும் நெசவுத் தொங்கல்களை வரைந்து கொடுத்ததற்கு வெறும் கான்கிரீட் அறையின் எதிரொலியைக் குறைப்பதும் ஒரு காரணம். ஆனால் 24 சதுர அடித் துணி ஒன்று கூடத்தையே அமைதியாக்கிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சுவரை ஒட்டி மாட்டாமல் ஒன்றரை, இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் ஒலியைக் கூடுதலாக உறிஞ்சும். பின்னால் காற்றும் ஓடும்.

எந்த இழை

பருத்தியே முதல் தேர்வு. பரமக்குடி, எமனேஸ்வரத்தில் நெசவு நூல் கிடைக்கும். ஆனால் சேலைக்கான 80, 100 எண் நூல் இந்த வேலைக்கு மிக மெல்லியது. 10 எண் நூலைக் கேளுங்கள். அதில் 40 முதல் 50 இழைகளை முறுக்காமல் சேர்த்துப் பிடித்தால் ஓர் ஊடைக் கற்றை. ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் கனம் வரும். இரண்டு மூன்று சாயல்களைக் கலந்து கற்றை கட்டலாம். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒற்றை நிறத்தைவிட இப்படிக் கலந்தது உயிரோடு இருக்கும்.

தறிக்காரரிடம் மீந்த பாவு நூல் மலிவாகக் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் கஞ்சி ஏறியிருக்கும். கஞ்சி இராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து. வெந்நீரில் ஊறவைத்து, வழுவழுப்புப் போகும்வரை அலசிக் காயவைத்த பிறகே சேருங்கள்.

தேங்காய்நார்க் கயிறு மலிவு, நிறமும் அழகு. உவர்நீரில் ஊறிய மட்டையின் நார் என்றால் உப்பு உள்ளேயே இருக்கும். ஒரு வாளி குடிநீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், தண்ணீர் கேன் கடைக்காரர் வைத்திருக்கும் டிடிஎஸ் மானியால் அளந்து பாருங்கள். ஊறப்போடும் முன் இருந்த எண்ணுக்கும் பிறகு வரும் எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதவரை நீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். மூன்று நான்கு தடவை ஆகும். எல்லா அலசலுக்கும் காவிரிக் குடிநீர் அல்லது மழைநீர்தான். இங்குள்ள உவர்க் கிணற்று நீரில் அலசுவது, கழுவிய உப்பைத் திரும்ப ஏற்றுவதற்குச் சமம். சாயம் போடும்போதும் இதே விதி; உவர்நீரில் நிறம் திட்டுத் திட்டாக ஏறும்.

பனையில் இரண்டு இழைகள் உதவும். மட்டையிலிருந்து உரிக்கும் நார், கட்டில் பின்னுகிறதே அந்த நார், கனமான கோடுகளுக்கு நல்லது. குருத்தோலையை அரை அங்குலப் பட்டையாகக் கிழித்து ஊடையில் இடையிடையே வைக்கலாம். வெளிச்சம் பட்டால் பளபளக்கும். ஓலையை நனைத்து ஊறவைத்து நெய்தால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும். ஈரத் துணியில் ஒரு மணி நேரம் சுற்றிவைத்தால் வளையும் அளவு பதம் வந்துவிடும். ஓலையைப் பாவாகப் போடாதீர்கள், மடிப்பில் ஒடியும்.

பழைய மீன்வலை, நைலான் கயிறு சேர்க்க ஆசை வரும். நிறம் கவரும், இடத்துக்கும் பொருந்தும். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும் என்பதால் வாசல், மாடிப்படி, வெளியேறும் வழி அருகே மாட்டும் தொங்கலில் அது வேண்டாம். வேறு இடத்தில் கொஞ்சமாகச் சேர்க்கலாம், மீன் வாடை போகும்வரை சோப்பு நீரில் ஊறவைத்து. அந்த வாடை நீங்கள் நினைப்பதைவிட நீண்ட ஆயுள் கொண்டது.

நாரைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க விரும்புகிறவர்கள் மிருணாளினி முகர்ஜியின் (1949–2015) படைப்புகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். தறியே இல்லாமல் நார்க்கயிற்றை முடிச்சுப் போட்டே ஆளுயர உருவங்களை எழுப்பியவர். முதல் வேலைக்கு அது முன்மாதிரி ஆகாது. நார் எதையெல்லாம் தாங்கும் என்பது மனதில் பதியும், அவ்வளவே.

நிறம்

மஞ்சள்தூள் சாயம் வெளிச்சத்தில் சில வாரங்களில் வெளுக்கும். பொதுக் கட்டடத்துக்கு ஆகாது. ஒரு காலத்தில் இராமேஸ்வரம் மணலில் தோண்டியெடுத்த சாயவேர், படிகாரத்தோடு சேர்ந்தால் நல்ல சிவப்பு தரும். ஆனால் ஐந்து கிலோ நூலுக்கு வேண்டிய வேரைத் திரட்டுவது இன்று எளிதல்ல. எளிதில் வெளுக்காத ‘வாட்’ வகைச் சாயம் போட்ட நூலைக் கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்தைத் தாங்கும் தரம் 8க்கு 6 அல்லது மேல் என்று சாயக்காரர் சொன்னாலும் சோதியுங்கள்: ஒவ்வொரு நிறத்தையும் அட்டையில் சுற்றி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, தெற்கு ஜன்னலில் ஒரு மாதம் வையுங்கள். மூடிய பாதியும் திறந்த பாதியும் வேறாகத் தெரிந்தால் அந்த நிறத்தை விடுங்கள்.

சட்டமும் பாவும்

முதலில் பழகுங்கள். வீட்டில் உடைந்த நார்க்கட்டிலின் சட்டம் இருந்தால் அதுவே தறி. ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு மாதிரியை நெய்து முடிக்காமல் பெரிய சட்டத்தில் கைவைக்காதீர்கள்.

பெரிய சட்டம் 6 அடி அகலம், 8 அடி உயரம். ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைப் பற்றவைத்து, மேலும் கீழும் ஆணி அடிக்க 3×2 அங்குலத் தேக்குச் சட்டத்தை போல்ட்டால் முடுக்குங்கள். தனி மரச்சட்டம் போதாது. அங்குலத்துக்கு 5 பாவு இழை என்றால் 48 அங்குலத்துக்கு 240 இழை. இழைக்கு அரைக் கிலோ இழுவை என்று வைத்தாலே மொத்தம் 120 கிலோ. அதைத் தாங்காத மரம் நடுவில் வில்லாக வளையும். வளைந்தால் நடுப் பாவு தொய்ந்து, ஓரப் பாவு விறைத்து, நெசவு நடுவில் மேடு தட்டும். பிறகு என்ன செய்தாலும் சரியாகாது.

ஒவ்வோர் ஆணியிலும் பாவு ஒரு முறை சுற்றித் திரும்புவதால் 240 இழைக்கு மேலே 120, கீழே 120 ஆணி போதும். ஆணிக்கு ஆணி 0.4 அங்குலம். ஒரே வரிசையில் அடித்தால் மரம் பிளக்கும். ஒன்றுவிட்டு ஒன்று முன்பின்னாக இரண்டு வரிசையில் அடியுங்கள். ஒன்றேகால் அங்குல ஆணி, வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்து.

பாவுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் முறுக்குப் பருத்திக் கயிறு. இழைக்கு ஏழரை அடி, அதாவது 90 அங்குலம். 240 இழைக்கு 21,600 அங்குலம், ஏறத்தாழ 550 மீட்டர். 600 மீட்டர் வாங்குங்கள், முக்கால் கிலோ இருக்கும். பாவு ஓட்டும்போது ஒருவர் கயிற்றை விட, ஒருவரே இழுத்துச் சுற்ற வேண்டும். கை மாறினால் இறுக்கம் மாறும். முடிந்ததும் உள்ளங்கையைப் பாவின்மேல் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். தொய்ந்த இழை உடனே தெரியும். முறுக்கிய பருத்தி ஈரத்தில் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும். காலையில் விறைத்த பாவு மத்தியானம் தொய்வது இதனால்தான், பயப்பட வேண்டாம். மேல் சட்டத்தருகே ஒரு மூங்கில் குச்சியைப் பாவுக்குள் செருகி, தளரும்போது இன்னொன்றைச் சேர்த்து விறைப்பாக்கிக்கொள்ளலாம்.

ஒற்றைப்படை இழைகளைப் பிரிக்க ஒரு தட்டைக் கம்பு. இரட்டைப்படை இழைகளுக்கு ஒவ்வொன்றிலும் நூல் கண்ணி கட்டி ஒரு குச்சியில் கோத்த விழுது. கம்பை நிமிர்த்தினால் ஊடை நுழைய ஒரு வாய் திறக்கும், விழுதை இழுத்தால் மறு வாய். ஊடையைத் தட்ட மரச் சீப்பு போதும்.

சித்திரம்

முழு அளவில் தாளில் வரைந்து பாவுக்குப் பின்னால் கட்டுங்கள். கூடத்தில் 15, 20 அடி தள்ளிப் பார்ப்பார்கள். இரண்டு அங்குலத்துக்குச் சிறிய உருவம் எதுவும் தெரியாது. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் முதல் ஆசை பாம்பன் பாலம். தூண்களும் கிடைக்கோடும் நெசவுக்கு எளிதாக வரும், ஆனால் இரும்புச் சட்டங்களின் மெல்லிய சாய்கோடுகள் இந்த நெசவில் படிக்கட்டாக உடையும். அங்குலத்துக்கு ஐந்தே பாவு இருக்கும்போது அதைத் தவிர்க்க வழியில்லை. உப்பளப் பாத்தி, பனைவரிசை, வற்றிய கரையில் அலை விட்டுப்போன வரிகள் இவையெல்லாம் தறியின் கணக்குக்கு இணங்கும். உருவப்படம் வேண்டாம். தலைவர் முகம் கேட்டு யாராவது வந்தால், ஐந்து பாவில் மூக்கு எப்படி வரும் என்று மாதிரித் துண்டைக் காட்டிவிடுங்கள்.

நெய்யும்போது

கீழே முதல் இரண்டு அங்குலம் வெறும் பாவுக் கயிற்றாலேயே நெய்யுங்கள். பிறகு மடித்துத் தைக்க உதவும். ஊடைக்கு 5 கிலோ நூல் எடுத்துவையுங்கள், 4 கிலோ அளவு செலவாகும். பழகும் கைக்குச் சதுர அடிக்கு 6 முதல் 10 மணி நேரம். 24 சதுர அடிக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துவிட்டுத் திறப்பு விழாவுக்குத் தேதி கொடுங்கள்.

தொடங்குபவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஊடையை நேராக இழுத்துத் தட்டுவது. ஊடை ஒவ்வொரு பாவையும் சுற்றி மேலும் கீழும் போவதால் அதற்குப் பாவின் அகலத்தைவிடக் கூடுதல் நீளம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கரைகளை உள்ளே இழுக்கும். கீழே 48 அங்குலம், நடுவில் 45 என்று துணிக்கு இடுப்பு விழும். ஊடையை வில்போல வளைத்து வையுங்கள், ஆறு அங்குல ஓட்டத்துக்கு ஓரங்குல உயரம்; அந்த வில்லை நடுநடுவே அமுக்கிச் சிறு வில்களாக்கிப் பிறகு தட்டுங்கள். நான்கு அங்குலம் ஏறும்போதெல்லாம் அகலத்தை அளந்து சட்டத்தின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள். கால் அங்குலம் குறைந்தால் கையைத் தளர்த்துங்கள். அரை அங்குலம் குறைந்தால் பிரிக்க வேண்டியதுதான். மனது கேட்காது, ஆனாலும் பிரியுங்கள்.

இரண்டு நிறம் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் இரண்டு ஊடையும் தத்தம் பாவில் திரும்புவதால் நடுவே பிளவு விழும். ஓரங்குலம்வரை விடலாம். அதற்கு மேல் நீண்டால் தொங்கும்போது எடையால் வாய் திறக்கும். நெய்யும்போதே இரண்டு ஊடையையும் ஒன்றோடொன்று கோத்துத் திருப்புங்கள், அல்லது முடிந்தபின் பின்பக்கம் அதே நிற நூலால் தையுங்கள். ஊடை தீர்ந்து புதியது சேர்க்கும் இடத்தில் பழைய முனையும் புதிய முனையும் இரண்டு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கட்டும். எல்லாச் சேர்ப்பும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே தடிப்புத் தெரியும்.

தீக்குப் பாதுகாப்பு

பொதுக் கட்டடத்தில் இதைத் தவிர்க்க முடியாது. சட்டத்திலிருந்து இறக்கிய பிறகு, லிட்டருக்கு 70 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 30 கிராம் போரிக் அமிலம் என்ற கணக்கில் வெந்நீரில் கரையுங்கள். இந்த அளவுத் துணிக்கு 8 லிட்டர், அதாவது 560 கிராம் வெங்காரமும் 240 கிராம் அமிலமும். கேரம் பலகைக்குப் போடும் பவுடர் வேண்டாம், எல்லாம் போரிக் அல்ல. ஆறியதும் துணி முழுக்க ஊறும்படி நனைத்து, நிழலில் படுக்கைவாட்டில் காயவிடுங்கள். தொங்கவிட்டுக் காயவைத்தால் கரைசல் கீழே இறங்கி மேல்பகுதி பாதுகாப்பு இல்லாமல் போகும். கையுறை போடுங்கள், பிள்ளைகளை அருகே விடாதீர்கள். அடர்நிறத்தில் வெள்ளைப் படலம் பூத்தால் மென்தூரிகையால் தட்டிவிடலாம்.

அதே கற்றையில் நெய்து, அதே கரைசலில் நனைத்த மாதிரித் துண்டு ஒன்றை வெளியே, தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்க, செங்குத்தாகப் பிடித்துக் கீழ் முனையில் 12 வினாடி தீக்குச்சிச் சுடரைக் காட்டுங்கள். சுடரை எடுத்த இரண்டு வினாடிக்குள் அணைய வேண்டும். அணையாவிட்டால் மறுபடி நனைத்துச் சோதியுங்கள். இந்தச் சோதனை உங்கள் மனதிருப்திக்கு; கட்டட அனுமதிக்குத் தீயணைப்புத் துறையினரிடம் துண்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

மாட்டுவது

மேல் விளிம்பு முழுக்க இரண்டு அங்குலப் பருத்தி நாடாவைத் தைத்து, அதன்மேல் வெல்க்ரோவின் மென்பக்கத்தைத் தையுங்கள். முரட்டுப் பக்கம் மரப்பட்டையில். பட்டைக்கு வைரம் பாய்ந்த பனஞ்சட்டமோ தேக்கோ போதும், வார்னிஷ் இரண்டு பூச்சு. பட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அங்குல நைலான் கட்டைகள் வைத்து, அடிக்கு ஒன்றாக ஐந்து திருகாணிகள். திருகாணி துருப்பிடிக்காத எஃகில் 316 தரம். கடைக்காரர் கொடுக்கும் 304 கடற்காற்றில் பழுப்புக் கறை விடும், ஜி.ஐ. துருவே விடும். சுவரில் நைலான் செருகி போட்டு முடுக்குங்கள்.

துணி மாட்டும் முன் பட்டையில் 30 கிலோ அரிசி மூட்டையைக் கயிறு கட்டி ஒரு நாள் தொங்கவிடுங்கள். தொங்கலின் எடை ஐந்து கிலோதான், ஆனால் என்றாவது ஒருவர் அதைப் பிடித்து இழுப்பார். அடி விளிம்பு சுருளாமலிருக்க மடிப்புக்குள் ஒரு மெல்லிய மூங்கில் பட்டை போதும்.

ஒப்படைப்பு

நியூயார்க்கின் ஃபோர்டு அறக்கட்டளைக் கட்டடத்துக்கு நெசவுக் கலைஞர் ஷீலா ஹிக்ஸ் 1967 வாக்கில் செய்த நெசவுச் சுவர்களையே 2014 வாக்கில் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. நெசவுக்கு ஆயுள் உண்டு என்பதை நிர்வாகத்திடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எடை, இழை, தீப்பூச்சுப் போட்ட தேதி, பராமரிப்பு.

பராமரிப்பு இவ்வளவுதான். மாதம் ஒரு முறை தூசி உறிஞ்சியின் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டி முன்னும் பின்னும் உறிஞ்ச வேண்டும். பின்பக்கம் குளவிக் கூடும் பல்லி முட்டையும் இருக்கிறதா, பட்டையோரம் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று அப்போதே பார்க்கலாம். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, உப்பு உள்ளே இறங்கும். மழை ஓய்ந்த தை மாதத்தில் இறக்கி இரண்டு நாள் நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நல்ல நீரில் முழுதாக அலசி உப்பை எடுக்க வேண்டும். அலசினால் வெங்காரமும் கரைந்து போய்விடும், எனவே தீப்பூச்சை மறுபடி போட்டாக வேண்டும். இந்த வரியைத் தாளில் சிவப்பு மையால் எழுதுங்கள். ஓலை வைத்த தொங்கலை இப்படி அலச முடியாது. கடலை நேரே பார்த்த கட்டடத்துக்கு ஓலை வேண்டாம் என்பது இதனால்தான்.

மீந்த ஊடையில் நிறத்துக்கு 20 மீட்டர் சுற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு, அந்தத் தாளோடு சேர்த்து அலுவலக பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். ஓரம் பிரிந்தால் தைக்க அதே சாய நூல் வேறெங்கும் கிடைக்காது.